மேட்டுத்துண்டு வரப்பு

கப்பல் புறப்பட எழுபத்தொரு மணி நேரம் இருந்தபோது அக்கா படகின் இருக்கைப் பலகையை இரண்டாக அறுத்தாள்.

அதை நடுவில் வைப்பதற்கு நான் அளந்து பென்சில் கோடு போட்டிருந்தேன். அப்பா ஒருவர், அறுபது கிலோ. அவர் நடுவில் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கும். அடிப்பலகை நான்கு சென்டிமீட்டர்கூடத் தண்ணீரில் இறங்காது. இயற்பியல் படித்ததற்கு வீட்டில் கிடைத்த முதல் உருப்படியான வேலை அது.

"என்னக்கா பண்ற?"

"ஒரு சீட்டு பத்தாது. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"படகு அப்பாவுக்குத்தான?"

"அப்பாவத் தனியா அனுப்புவியா? ஒருத்தர் வலை வீசணும், ஒருத்தர் தண்ணியப் பாக்கணும். நீதான சயின்ஸ் படிச்சவ?"

அவள் சொன்னது சரிதான். முதலைகள் உள்ளே வரத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கம் யாரும் தனியாக மீன்பிடிக்கப் போவதில்லை. பின்னால் இருப்பவர் கழியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் பார்ப்பார். வலையில் எது விழுந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பின்னிருக்கை யாருக்கு? நான் காலை ஏழு மணி பஸ்ஸில் போர்ட் பிளேருக்கு, ஒரு பள்ளியின் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகிறவள். அம்மா தண்ணீரைக் கண்டால் ஒதுங்குவாள். அக்காவோ வியாழக்கிழமைக் கப்பலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து பரமக்குடிக்குப் போகிறவள். கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பெயர் இந்திராணி. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இப்போதுதான் முதல் முறையாக வந்திருந்தாள். அத்தான் ரவிக்குமாருக்கு லீவு இல்லை என்று சொன்னாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிரஷர் குக்கர். குக்கரைப் புடவையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"பொறந்த வீட்டுக்கு வர்றவ குக்கர் தூக்கிட்டு வருவாளா? இங்க நாங்க என்ன பச்சை அரிசியா திங்கிறோம்?" என்று அம்மா சிரித்தாள். புடவையைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு லிட்டர் குக்கர், ஓர் ஆளுக்குப் பொங்கத்தான் காணும். மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லாரும் சேர்ந்திருக்கும் வீடு அக்காவுடையது. அம்மா அதைப் பரண்மேல் ஏற்றி வைத்தாள்.

அக்கா போகக் கூடாது என்பதுதான் அந்த ஒரு மாதமும் எனக்கிருந்த ஒரே ஆசை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

*

எங்கள் வயல் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

சுனாமி வந்த அன்று நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை திரும்பிப் போனது. கடல் திரும்பிப் போகவில்லை. அப்போது எனக்கு மூன்று வயது. அக்காவுக்கு ஒன்பது. அதனால் எனக்கு அது எப்போதும் தண்ணீர்தான், அவளுக்கு எப்போதும் வயல்தான். கடல் ஏறிவரும் ஏற்றத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அது இறங்கும் வற்றத்தில் சேறு மினுங்கும். தலையில்லாத தென்னைமரங்கள் இன்னும் சில நிற்கின்றன. மீன்கொத்தி உட்கார உதவுகின்றன.

எனக்கு ஆறு வயதானபோது ஒரு ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து தெர்மகோல் அட்டைகள் கிடைத்தன. அக்கா அவற்றைக் கிழிந்த வலைக்குள் திணித்துக் கட்டினாள். அதன்மேல் என்னை உட்கார வைத்து மூங்கிலால் தள்ளிக்கொண்டு போனாள். கழியைக் குத்திக் குத்தி இடம் சொல்லுவாள்.

"இது நடுத்துண்டு. இங்க சேறு ஆழம். இது பலாமரத்துத் துண்டு. இந்தா, டொக்குனு கேக்குதா? கல்லு. தாத்தா கல்லு அடுக்கிக் கட்டுன வரப்பு. இதுக்கு அந்தப் பக்கம் மேட்டுத்துண்டு. இங்கதான் அம்மா சோத்துத் தூக்க இறக்கி வைப்பாங்க. நீ வரப்புலயே தூங்கிருவ."

நான் தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பேன். சோற்றுத் தூக்கு தெரிகிறதா என்று உண்மையாகவே தேடியிருக்கிறேன். தெர்மகோல் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். என் பாவாடையில் வெள்ளை மணிகள் ஒட்டியிருக்கும். அவற்றை வைத்துத்தான் அம்மா கண்டுபிடித்து இரண்டு பேரையும் அடித்தாள். அக்காவுக்கு என் பங்கும் சேர்ந்து விழுந்தது.

வயல் போனாலும் வயல்காரன் போகவில்லை. எங்கள் பக்கத்தில் இன்றும் ஒருவர் வயலின் மேல் இன்னொருவர் கேட்காமல் வலை வீசுவதில்லை. பக்கத்து வீட்டு வங்காளி மண்டல் தாதா இருபது வருடமாக, வலை போடலாமா என்று அப்பாவிடம் கேட்கிறார்: "ஷண்முகம் பாய், ஆஜ் ஜால் டாலூன்?" அப்பாவும் ஏதோ அறுவடை பாக்கி இருப்பதுபோல யோசித்துவிட்டு, "டாலோ, டாலோ. மேட்டுத்துண்டுல மட்டும் வேணாம், உதர் பத்தர் ஹை, கல்லு, வலை கிழிஞ்சுரும்" என்பார்.

*

படகின் கூடு அக்கா வருவதற்கு முன்பே தயாராகியிருந்தது. அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, மரைன் பிளைவுட்டை வெட்டிச் செம்புக் கம்பியால் தைத்து, மின்னி பே பக்கம் இருக்கும் நாகலிங்கம் மாமா கொடுத்த மிச்ச ரெசின் பசையைப் பூசியிருந்தார். பன்னிரண்டடி நீளம், தட்டையான அடி. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் தூக்கிவிடலாம்.

"படகா இது, பஜ்ஜித் தட்டா?" என்றாள் அம்மா.

உள்ளே பொருத்த வேண்டியவை எல்லாம் பாக்கி இருந்தன. செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் லீவு போட்டேன். இருக்கைகளுக்கு அடியில் பெட்டி அடித்து, தெர்மகோலை வெட்டி அடைத்தோம். கவிழ்ந்தாலும் மூழ்காது. கத்தி பட்டதும் அதே கீச்சுச் சத்தம். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம்.

"பாவாடைய ஒதறிக்க. அம்மா பாத்துரப் போறா" என்றாள் அக்கா. நான் சுரிதாரில் இருந்தேன். ஆனாலும் உதறினேன்.

தரையில் பெயின்ட் காய்வதற்குள் சலித்த மணலைத் தூவினோம், ஈரக்கால் வழுக்காமல் இருக்க. எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டித் தண்ணீர் அள்ளும் முகவை செய்தோம். நங்கூரம் வேண்டாம் என்று அக்கா சொன்னாள். படகின் பின் மூலையில் ஒரு பிவிசி குழாயைச் செங்குத்தாகப் பதித்தாள். கழியை அதன் வழியாகச் சேற்றில் குத்திவிட்டால் படகு அங்கேயே நிற்கும். சத்தமில்லை, கயிறில்லை, மீனும் கலையாது.

நல்ல யோசனை. ஆனால் குழாய் வைக்கும் உயரத்துக்கு அவள் தன் கையை நீட்டி அளந்தாள். பின்னிருக்கையில் தானே உட்கார்ந்து, கால் முட்டுமா என்று பார்த்து, இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாள்.

அப்பா பீடியோடு வந்து பார்த்தார். "இந்தக் குழா எனக்கு எட்டாதே தாயி. என் கையி நீளம்னு நெனச்சியா?"

"நீங்க முன்னால ஒக்காந்து வலைய மட்டும் வீசுங்க. பின்னாடி திரும்பவே கூடாது."

"அப்ப பின்னால யாரு, உங்கம்மாவா?"

"அய்யோ, நான் ஏறுனா பஜ்ஜி முங்கிரும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். பிறகு மூன்றாவது பூச்சு அடிக்க பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு பூச்சு இந்த வெயில் காலத்துக்குப் போதும். மூன்று பூச்சு மழைக்காலத்துக்கு.

மறுநாள் கப்பல் ஏறுகிறேன் என்று அத்தானிடம் சொல்ல, புதன் மாலை அவள் போனை எடுக்கவே இல்லை. ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் எங்களைக் கூப்பிட்டுப் பேசியவள் அவள். இந்த வருடம் அந்த அழைப்புகளில் நான் கேட்ட சத்தங்கள் மாறியிருந்தன. நிறையப் பெண்களின் குரல், தட்டுகளின் சத்தம், ஒருமுறை மணி அடித்தது. "அத்தை தூங்குறாங்க, வெளிய வந்து பேசுறேன்" என்பாள். அப்போதும் நான் கேட்டதில்லை.

*

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஏற்றம். கப்பல் மாலை ஐந்துக்கு. இரண்டு மணிக்கே ஹேடோ துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்துரலாம். அவ கையால கட்டுனது, அவ பாக்காம எப்பிடி?" என்றார் அப்பா. அம்மா ஊறுகாய் பாட்டில்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்று நான் சொன்னேன். அதன்பிறகு தண்ணீர் வேகமாக வற்றும். அக்கா தலையாட்டினாள்.

அப்பா முன்னால், அக்கா பின்னால். நான் நடுவில் தரையில், முகவையோடு. மூன்று பேருக்கு அடிப்பலகை ஏழு சென்டிமீட்டர் தண்ணீரில் இறங்கியது. படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. எங்கும் ஒழுகவில்லை. சாலையோரம் நின்ற மண்டல் தாதா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"தாதா, தேக்கோ! மேரா பேட்டி லோக் பனாயா! எம் பொண்ணுங்க கட்டுனது!" என்று அப்பா கத்தினார். அவருடைய இந்தி சந்தோஷத்தில் இன்னும் மோசமாகும்.

அக்கா கழியைப் பார்க்கவே இல்லை. "நடுத்துண்டு" என்றாள். சேறு. "பலாமரத்துத் துண்டு" என்றாள். அங்கே குழாய் வழியாகக் கழியைக் குத்தி நிறுத்தினாள். அப்பா எழுந்து வலையை வீசினார். வட்டமாக விரிந்து விழுந்தது. பன்னிரண்டு மடவை, ஒரு சின்னக் கொடுவா. மறுபடி வீசினார். மறுபடியும். அவர் முதுகைப் பார்த்தே சிரிக்கிறார் என்று தெரிந்தது. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் மீனைப் பார்க்கவில்லை. வழக்கப்படி தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி பத்தே முக்கால்.

"அக்கா, திரும்பலாம்."

அவள் கழியைப் பிடுங்கி, சேற்றில் ஊன்றி, நீளமாக ஒரு தள்ளுத் தள்ளினாள். படகு கரைக்கு எதிர்ப்பக்கமாகப் போனது. இன்னொரு தள்ளு. அடியில் கரகரவென்று ஒரு சத்தம். படகு நின்றது.

அப்பா தடுமாறிப் பலகையைப் பிடித்தார். "என்ன?"

"வரப்பு" என்றேன். "மேட்டுத்துண்டு வரப்பு."

கழியை வாங்கி நானும் தள்ளினேன். அசையவில்லை. கல்லின் விளிம்பு ஏற்கெனவே தண்ணீருக்கு மேல் கறுப்பாகத் தெரியத் தொடங்கியிருந்தது. ஒருவர் இறங்கினால் படகு லேசாகும், தள்ளிவிடலாம். ஆனால் முதலை வரும் இந்தத் தண்ணீரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். இனித் தண்ணீர் குறையும். மறுபடி இந்த உயரத்துக்கு வர இரவு எட்டு ஆகும். மனதுக்குள் கணக்கு முடிந்துவிட்டது.

"கப்பலு!" என்றார் அப்பா. "சாமானெல்லாம் கட்டி வச்சிருக்கே! இந்திராணி, உனக்கா இந்த வரப்பு தெரியல? கண்ணக் கட்டிவிட்டாலும் வருவியே!"

அக்கா பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கழியை என்னிடமிருந்து மெதுவாக வாங்கினாள். குழாய்க்குள் விட்டு, அழுத்திக் குத்தினாள்.

"தெரியும்ப்பா."

அப்பாவுக்குப் புரியவில்லை. இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கரையைப் பார்த்துக் கத்தினார். "மண்டல் தாதா! டிங்கி லாவோ! ரஸ்ஸி லாவோ!"

மண்டல் தாதா காதில் கை வைத்தார். கேட்கவில்லை. அவரிடம் இன்ஜின் வைத்த டிங்கிப் படகு இருக்கிறது. கயிற்றைக் கட்டி இழுத்தால் பத்து நிமிடத்தில் கரையில் இருப்போம். பன்னிரண்டு மணிக்கு டாக்ஸி, இரண்டு மணிக்கு ஹேடோ. அப்பா மறுபடி மூச்சை இழுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. அப்பா முகத்தை நேராகப் பார்த்து இவ்வளவு சத்தமாக நான் பேசியதும் இல்லை.

"கூப்பிடாதீங்கப்பா. அக்கா என்னமோ சொல்லணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். தெர்மகோல் வெட்டியபோது பார்த்த அதே பார்வை. அப்பா மெல்ல முன்னிருக்கையில் உட்கார்ந்து, ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். காலடியில் மடவை ஒன்று துள்ளி, அடங்கியது.

"நான் அங்க இல்லப்பா" என்றாள் அக்கா. "அந்த வீட்ட விட்டு வந்து எட்டு மாசமாச்சு. ஹாஸ்டல்லதான் இருக்கேன்."