பக்கத்து யூனிட்டுக்கு வந்த புது மெஷின்

செல்லத்தாயின் யூனிட்டில் புது ஓவர்லாக் தையல் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற சாரதாமணிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஆயுத பூசைக்கு மறுநாள் பொது மீட்டர் பெட்டியில் பிடித்த தீ, ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு பனியன் யூனிட்டையும் சேர்த்துத்தானே தின்றது? இரண்டு பேருக்கும் ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி. செல்லத்தாய்க்குத் தருகிறோம் என்றார்கள். இவளுக்குக் கையை விரித்துவிட்டார்கள்.

யார் இந்தச் செல்லத்தாய்? சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, சாரதாமணியிடமே கூலிக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். அவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்களேன்.

சாரதாமணி கெட்டது தன் வாயால்தான். மெஷினை மதிக்கிற முதலாளி என்று நினைக்கட்டுமே என்று, தீயைப் பற்றி விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயரிடம், "ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வெச்சு, வெளக்கேத்தித்தானுங்க பூசை போட்டோம்" என்று பெருமையடித்துவைத்தாள். அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தீயணைப்புக்காரர்கள் மீட்டர் பெட்டி என்று சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. முதல் நாளே அணைந்து குளிர்ந்த விளக்கு மறுநாள் எப்படிங்க எரிக்கும் என்று கேட்டும் பார்த்தாள். உங்கள் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். செல்லத்தாயும் பூசை போட்டவள்தான், ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. கெட்டிக்காரி.

மெஷின் இறங்கிய அன்று மத்தியானம் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வேல்குமார் வந்தான்.

"உங்க ஃபைலை மறுக்காப் பாக்கறோமுங்க. பக்கத்துல பூசை போட்டாங்களான்னு மட்டும் சொல்லுங்க."

போட்டாள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன பொறாமை விட்டதா?

"போட்டாங்க. வெளக்கை எரிய வுட்டுத்தானுங்க பூட்டீட்டுப் போனாங்க."

பச்சைப் பொய். செல்லத்தாய் பூ வைத்து விளக்கைக் குளிரவைத்தபோது பக்கத்தில் நின்றதே சாரதாமணிதான். அந்தப் பொய்யைச் சொன்ன அன்றைக்கு அவளுக்குச் சோறு ருசியாக இறங்கியது.

பத்து நாள் கழித்துப் புது மெஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். இன்சூரன்ஸ் பணத்தை நம்பிச் செல்லத்தாய் கடனுக்கு எடுத்ததாம்; அந்தப் பணம் இப்போது இல்லையென்று ஆகிவிட்டதாம். இனி பணம் நமக்குத்தான் என்று சாரதாமணி வேல்குமாருக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு யூனிட்லயும் வெளக்கு எரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லீட்டீங்களே. இனி மீட்டர் பெட்டின்னு பேச எடமே இல்லீங்க, உங்களுக்கும் பணம் கெடையாது" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் செல்லத்தாய் வந்தாள். "எக்கா, எனக்கும் இல்லைன்னுட்டாங்க. ரெண்டு பேரும் சேந்து கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவோம். நான் வெளக்கக் குளிர வச்சத நீங்க பாத்தீங்கல்லா. வந்து சொல்லணும்."

சாரதாமணி அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "எரிஞ்சுதுன்னு சொன்னதே நாந்தான் கண்ணு."

"தெரியும்க்கா. அவங்களே சொல்லிட்டாங்க. அத மாத்திச் சொல்லவும் உங்களாலதான் முடியும். அதான் வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நிமிர்ந்து உட்கார்ந்து அப்படிக் கேட்கிறவளைப் பார்த்தபோது, சாரதாமணிக்கு, புது மெஷினைப் பார்த்தபோதுகூட இல்லாத பொறாமையாக இருந்தது.