எதை முடிக்கணும்?

தையல் கடையில் அக்கா மிஷினில் உட்கார்ந்திருப்பாள். தம்பி பட்டன் தைப்பான். அவனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை சாப்பிட்டதில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் ஒரு பேச்சின் தொடக்கம் அவன் மனதில் தங்குவதில்லை. கடைசியில் விழுந்த சொல் மட்டும் தனியாக நின்று மிரட்டும்.

அன்று ஒருவர் தன் சட்டையைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டு, "எப்படியாவது இன்னைக்கே முடிச்சிடுங்க" என்றார். தன்னைத்தான் தீர்த்துக்கட்டச் சொல்கிறார் என்று தம்பி பயந்துவிட்டான். அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டான்.

"உன்னை யாருடா என்ன பண்ணப் போறாங்க?" என்பது அக்காவின் வாய் வரை வந்துவிட்டது. முன்பெல்லாம் அப்படிக் கேட்டுத்தான் சண்டை வளர்ந்தது. அதனால் அந்தச் சட்டையைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

"இவ்வளவு நேரமும் பேச்சு இதைப் பத்திதான்டா."

அவன் சட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு அங்கிருந்தபடியே குரல் கொடுத்தான்.

"சார், எதை முடிக்கணும்?"

"சட்டையைத்தாம்பா! நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போட்டுக்கணும்."

"அப்ப பட்டன் வெள்ளையா, கறுப்பா?" என்று கேட்டபடி தம்பி வெளியே வந்தான்.

இப்போதும் சில நாள் பயந்து ஒளிந்துகொள்கிறான். சில நாள் "எதை?" என்று கேட்டுவிடுகிறான். கேட்கிற நாளில் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறாள்.