எட்டுப் பக்கப் பயணத் திட்டம்

என் வீட்டுக்காரர் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறார் என்றதும் கடற்கரை, சாய்வு நாற்காலி, குளிர்ந்த ஜூஸ் என்று ஏதாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு டியூட்டி பட்டியல் போடுகிறவர். நூற்று நாற்பது நர்சுகள், மூன்று ஷிஃப்ட், ஏழு நாள். யாருக்கு எந்த வார்டு, யாருக்கு என்றைக்கு ஓய்வு, ஒருத்தி வராவிட்டால் அவள் இடத்துக்கு யார் என்று எல்லாவற்றையும் யோசித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகையில் ஒட்டிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணத்தை ஒப்படைத்தது எங்கள் தப்புதான்.

ஒப்படைத்தவள் என் மகள். "அப்பா, ஒரு தடவையாவது எல்லாரும் சேர்ந்து வெளிநாடு போலாம்பா. நீங்களே பிளான் பண்ணிடுங்க" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இவர் ஸ்கேலையும் பென்சிலையும் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

போகிற ஊர் இப்போது எல்லோரும் போகிற ஊர்தான். எழுபது மாடிக் கட்டடங்கள், கண்ணாடிக் கூரைக்குள் ஒரு முழு அருவி, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில். போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே பத்துப் படங்களைக் காட்டுவார்கள். அந்தப் பத்துப் படங்களையும் நாங்களும் எடுத்துவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்கு இவர் போட்ட திட்டம் எட்டுப் பக்கம். காலை 5.50 எழுந்திருத்தல். 6.10 முதல் 6.40 வரை குளியல், ஆளுக்குப் பத்து நிமிடம். 6.45 சிற்றுண்டி. 7.20 ரயில். அருவிக்கு நாற்பது நிமிஷம், அதில் படம் எடுக்கப் பதினைந்து. கழிவறை எங்கெங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு பக்கம்.

"ஏங்க, இது ஊர் சுத்தறதா, ஊர்ல வேலைக்குப் போறதா?" என்று கேட்டேன்.

"நேரத்தை விட்டா ஊரையே விட்ட மாதிரி" என்றார். இந்த மாதிரி வாக்கியங்களை எங்கே பிடிக்கிறாரோ தெரியாது.

எனக்கு அந்த ஊரில் எதைப் பார்ப்பது என்பதில் பெரிய அக்கறை இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இவரோடு போகாத இடமில்லை, ஆனால் இவர் பக்கத்தில் நான் உட்கார்ந்த இடம் என்று ஒன்று கிடையாது. பொருட்காட்சிக்குப் போனால் இவர் டிக்கெட் வரிசையில் நிற்பார். பூங்காவுக்குப் போனால் வண்டிக்கு நிழல் தேடிப் போவார். படகுச் சவாரி என்றால் கரையில் எங்கள் செருப்புக்கும் பைக்கும் காவல். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க பாத்துக்கறேன்." இதுதான் எங்கள் குடும்பச் சுற்றுலாவின் முதல் வாக்கியம், கடைசி வாக்கியம் எல்லாம். அந்த ஊரில் ஆற்றோரமாக ஒரு ராட்சத ராட்டினம் இருக்கிறதாம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் ஒரு சுற்றுக்கு அரை மணி. இறங்கிப்போய் டிக்கெட் வாங்கவோ செருப்புக்குக் காவல் இருக்கவோ வழியில்லாமல், அரை மணி நேரம் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். அதைத்தான் கேட்டேன். வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தே கேட்டேன்.

"அவ்வளவுதானே" என்றார். மூன்றாம் நாள், 5.10 முதல் 5.40 வரை, ராட்டினம் என்று என் கண் முன்னாலேயே எழுதினார். சின்னப் பெண் மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் எங்கள் கூடத்தில் கூட்டம். வருகிறவர்கள் மகள், மாப்பிள்ளை, ஏழு வயசுப் பேத்தி வாலு, மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார். மகள் இன்சூரன்ஸ் ஆபீசில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள். மாப்பிள்ளை பல் டாக்டர், "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிச் சொல்லி எதையும் மெதுவாகவே பேசிப் பழகியவர். நாத்தனார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நான் ஒரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறேன். ஆக, குற்றம் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் என்று எங்கள் வீட்டில் வாலு ஒருத்திதான்.

திட்டத்தைக் கிழிகிழி என்று கிழித்தோம். நாத்தனாருக்கு வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி. "அண்ணா, பதினேழு நிமிஷத்துல எப்படி ரெண்டு ஸ்டேஷன் மாறுவே? கூட்டிப் பாரு, இருபத்திரண்டு வருது. அப்புறம், ஓட்டறதுக்கு ஆள் இல்லாத வண்டில நான் ஏறமாட்டேன்" என்றாள். மகள் மருந்துப் பெட்டியில் என்னென்ன வேண்டும் என்று சொன்னாள். மாப்பிள்ளை மிகுந்த பணிவோடு, "மாமா, காலைல ஒரு எட்டு மணின்னா..." என்று ஆரம்பித்து மாமாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் முடித்துக்கொண்டார். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். நான்கு ஞாயிறு, நான்கு தடவை. மொத்தம் முப்பத்தொரு பிழை. ஒன்றிரண்டு சொல்லைத் தவிர எல்லாவற்றையும் பொறுமையாகத் திருத்திக்கொண்டுவந்தார். அவருக்குக் கோபம் வராது. பட்டியல் போடுகிறவர்கள் திட்டு வாங்கப் பிறந்தவர்கள் என்பது அவருடைய கட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போனில் எங்களுக்கென்று ரகசியமாக ஒரு குழு இருந்தது. மகள், மாப்பிள்ளை, நாத்தனார், நான். பெயர் 'ஆறு மணி வேண்டாம்'. இரண்டாம் நாள் காலையில் யாருக்கு வயிற்றுவலி, நான்காம் நாள் யாருக்குத் தலைசுற்றல் என்று அதில் நாங்களும் ஒரு டியூட்டி பட்டியல் போட்டு வைத்திருந்தோம்.

கிளம்புவது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இவர் மிடுக்காக ஐந்து உறைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, பாஸ்போர்ட், விமான டிக்கெட், ஹோட்டல் அறைப் பதிவுச் சீட்டு, அவரவருக்கான திட்டத்தின் நகல் எல்லாம் அடுக்கியிருந்தார். மகளுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை தன் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பேச்சுக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "உங்களோடது எங்க மாமா?" என்றார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் இவர்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அவருடைய பெட்டி கட்டி முடித்து, பூட்டுப் போட்டு வாசலருகில் நிற்கிறது. ஆபீசில் ஐந்து நாள் லீவ் வாங்கியாகிவிட்டது. புதுச் செருப்பு வாங்கி, கடிக்கிறதா என்று வீட்டுக்குள் போட்டு நடந்துகூடப் பார்த்துவிட்டார். ஆனால் டிக்கெட் ஐந்து. அறைகள் இரண்டு. ஒன்றில் மகள் குடும்பம் மூன்று பேர், இன்னொன்றில் நானும் நாத்தனாரும். விமான நிலையத்துக்கு வரச்சொன்ன வண்டி ஐந்து பேருக்கு. அவருடைய பாஸ்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

"தன்னை விட்டுட்டு தலை எண்ணின கதையா இருக்கே அண்ணா" என்று நாத்தனார் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

இவர் எட்டுப் பக்கத்தையும் எடுத்து முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாக, "பழக்கம்" என்றார். "ஆஸ்பத்திரி லிஸ்ட்ல நான் வரமாட்டேன் இல்ல. போடறவனுக்கு டியூட்டி கிடையாது. அந்தக் கையே இதையும் போட்டுடுச்சு."

மகள் உடனே போனில் தேடினாள். செவ்வாய்க்கிழமை விமானத்தில் இடமில்லை. புதன்கிழமையும் இல்லை. விசாவும் இனிமேல்தான் எடுக்கவேண்டும், அதற்கு இரண்டு நாள். எப்படிப் பார்த்தாலும் வியாழக்கிழமைதான்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றார் இவர். முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்க பாத்துக்கறேன். மணிக்கு ஒரு தடவை போன் பண்றேன், எங்க நிக்கிறீங்கன்னு சொன்னா போதும்."

மாப்பிள்ளை, "அது எப்படி மாமா, நீங்க இல்லாம..." என்று முகத்தைத் தொங்கப்போட்டார். அவருடைய கால்விரல்கள் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அப்போது என் மடியில் இருந்த போன் நடுங்கியது. நாத்தனாரின் போனும், மகளின் போனும் கூடவே நடுங்கின. மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் தட்டிவிட்ட செய்திதான். 'காலை பத்து மணிக்குக் கிளம்பலாமா?' நாத்தனார் கட்டைவிரலைப் போட்டாள். மகள் கட்டைவிரலைப் போட்டாள். மறைக்கமாட்டேன், என் விரலும் போனைத் தேடிப் போனது. பத்து மணிவரை தூங்கலாம் என்றதும் எனக்கு வந்தது நிம்மதிதான்.

அந்த நேரம் பார்த்து இவர் என்னிடம் திரும்பினார்.

"நீ நாலு தடவை படிச்சியே" என்றார். "நீயும் பாக்கலையா?"

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. பட்டியலில் பிழை வந்தால் அது எந்தக் கட்டத்தில் தப்பித்தது என்று விசாரிப்பாரே, அந்தக் குரல். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மற்றவர்கள் பார்க்காதது இருக்கட்டும். ஒரு பல் இல்லாவிட்டால் வாயைத் திறந்ததுமே சொல்லிவிடும் மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. நிமிஷம் நிமிஷமாகக் கூட்டிப் பார்த்த நாத்தனாருக்கு ஆறில் ஒன்று குறைந்தது தெரியவில்லை. ஆனால் நான்? ப்ரூஃப் பார்க்கிறவளுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடமே இதுதான். இருக்கிற வரியில் உள்ள பிழையை யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள், விட்டுப்போன வரியைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அது தெரியும். மூலம் எனக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, நான்கு ஞாயிற்றுக்கிழமையும்.

மூன்றாம் நாள் பக்கத்தைத் திருப்பினேன். '5.10 – 5.40, ராட்டினம். ஐந்து பேர், ஒரே கூண்டு.' அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கூட்டத்துக்கு வெளியே, சமையலறையில் நின்றுகொண்டுகூடப் படித்திருக்கிறேன். 'கூண்டு' என்பதற்குக் கீழே கோடு போட்டு, 'இந்தச் சொல் வேண்டாம், பறவைக்குப் போல இருக்கிறது' என்று ஓரத்தில் சிவப்பில் எழுதியதும் நான்தான். 'ஐந்து பேர்' என்பது என் கண்ணை உறுத்தவே இல்லை. இருபத்தொன்பது வருஷமாக இவர் என் பக்கத்தில் உட்காரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவள், இவர் இல்லாத கூண்டை அரை மணி நேரத்துக்குப் பதிவு செய்து, சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. வாலு பார்க்கிறாள் என்று அடக்கிக்கொண்டேன்.

"என் டிக்கெட்டை வியாழக்கிழமைக்கு மாத்து" என்றேன் மகளிடம்.

"அம்மா?"

"நீங்க நாலு பேரும் செவ்வாய்க்கிழமை போங்க. பத்து மணிக்குக் கிளம்புங்க, பன்னெண்டு மணிக்குக் கிளம்புங்க, என்னமோ பண்ணுங்க. நானும் அப்பாவும் வியாழக்கிழமை வர்றோம்."

இவர் பதறிப்போனார். நிஜமான பதற்றத்தை அன்றைக்கு அப்போதுதான் அவர் முகத்தில் பார்த்தேன். "அது எப்படி? நீ இல்லைன்னா ரெண்டாவது ரூம்ல தங்கச்சி தனியா இருப்பா. முதல் ரெண்டு நாள் எல்லாமே மாறும். ரயில் பாஸ் அஞ்சு எடுத்தாச்சு. எட்டுப் பக்கமும் திரும்பப் போடணும்."

"போடுங்க."

"வேணாம்மா. நான் வந்து என்ன பண்ணப்போறேன்? அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

"ஒரு வேலையும் இல்லை" என்றேன். "சும்மா உக்காரணும். அரை மணி நேரம். உங்களால முடியாதா?"

மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். பட்டியலில் இல்லாத கேள்வியை யாராவது கேட்டால் அப்படித்தான் செய்வார். நான் முதல் பக்கத்தை எடுத்தேன். 'பயணம் செய்வோர்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து பெயர்கள், அழகாக எண் போட்டு. என் பெயருக்குக் கீழே, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லும் குறியைச் சிவப்பில் போட்டு, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி அவருடைய முழுப் பெயரையும் எழுதினேன்.

"பாத்து சரின்னு சொல்லுங்க" என்று அவரிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். வார்டு வாரியாக நர்சுகளை எண்ணுகிற மாதிரியே, ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். கீழிருந்து மேலே ஒரு தடவை எண்ணினார். ரூம், வண்டி, ராட்டினம் எல்லாவற்றோடும் ஒத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, பிழையைக் கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"இதுல ஒரு ஆள் அதிகமா வருதே" என்றார்.