காட்டிட்டுக் கொண்டுபோங்க

ஜெரோஷன் டவுன் பஸ் நிலையத்தில் இறங்கியபோது, எதிரே புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த கந்தப்பளை பஸ்ஸின் ஜன்னலோரம் அவன் மனைவி ஷெரோமி உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் போல யாரோ என்றுதான் முதலில் நினைத்தான். ஷெரோமி, மேட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறாள்? முந்தின நாள் அவன்தான் கொண்டுபோய்ச் சேர்த்தான். விடிந்தால் ஆபரேஷன். அவன் பையில் அவளுக்குச் சுடுதண்ணீர் பிளாஸ்க் இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்காக அவனுடைய அக்கா சிசிலி துவைத்து மடித்துக் கொடுத்த வெள்ளைத் துணிகள் இருந்தன.

அந்தப் பெண் இந்தப் பக்கம் திரும்பினாள். பச்சை ஸ்வெட்டர். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையில், பிளாஸ்டர் போட்டு ஒட்டிய சேலைன் ஊசி. ஷெரோமிதான்.

அவன் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினான். "ஷெரோமி! என்ன இது? யாரு உன்னைய வெளிய விட்டாங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். அவனை அங்கே கண்டதில் அவளுக்கு எந்த வியப்பும் இருந்ததாகத் தெரியவில்லை. "வீட்டுக்குப் போறேங்க" என்றாள், கடைக்குப் போகிறேன் என்று சொல்வதுபோல.

"காலையில ஆபரேஷன் இருக்கு!"

"எனக்கு வேணாம்."

கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தவர் அவள் வயிற்றையும் கையில் இருந்த ஊசியையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டாளா என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். ஜெரோஷன் தலையை ஆட்டினான். அவர் முன்பக்கம் பார்த்து டிரைவருக்குக் கையைக் காட்டினார். பஸ்ஸின் உறுமல் நின்றது.

"இறங்கு புள்ள. கொஞ்ச நேரம் உக்காந்து பேசுவோம். அதுக்கப்புறமும் நீ போகணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் ஜெரோஷன்.

அவள் இறங்கினாள். அவளுடைய காலில் செருப்பு இல்லாததை அப்போதுதான் பார்த்தான்.

பஸ் நிலையத்தின் சிமெந்து பெஞ்சில் உட்கார வைத்து, தன்னுடைய செருப்பைக் கழற்றி அவள் கால்களில் மாட்டினான். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்கைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

மூத்தவள் ஜெனிஷா பிறந்து நான்கு வருஷம் ஆகிறது. தலைப்பிரசவத்துக்கு ஷெரோமி தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் அப்போது கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தான். சேதி கிடைத்து, லீவு கேட்டு, அவன் போய்ச் சேர்ந்தபோது தாயும் பிள்ளையும் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தார்கள். தோள் மாட்டிக்கொண்டு பிள்ளை கஷ்டப்பட்டுத்தான் வந்தது, நிறைய இரத்தம் போய்விட்டது என்று சொன்னார்கள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். இந்த முறையும் பிள்ளை பெரிதாக இருக்கிறது என்பதால்தான், முதலிலேயே நாள் குறித்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டொக்டர் முடிவெடுத்திருந்தார். ஷெரோமியும் மறுப்புச் சொல்லவில்லை. அவன் இப்போது வேலை செய்யும் கரட் கழுவும் இடத்தில் சொல்லி லீவு எடுத்தான். ஜெனிஷாவை அதே லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வாசல் தள்ளியிருக்கும் சிசிலி வீட்டில் விட்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

"வெட்டுறதுக்குப் பயமா?" என்று கேட்டான்.

"வெட்டட்டும். அதுக்கு என்ன?" என்றாள். "மயக்க மருந்து குடுப்போம்னு சொன்னாங்க. மயக்கத்துல இருந்தா எப்படிங்க எனக்குத் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"எந்தப் புள்ள என் புள்ளைன்னு."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் மூடியில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொத பிரசவத்தன்னைக்கு ரெண்டு பேர் என் வயித்துல ஏறி அமுக்குனாங்க. ஒரு நர்ஸ் மிஸ் என் தொடையில அடிச்சு, முக்கு முக்குன்னு கத்துனாங்க. புள்ள வந்துச்சு. சத்தம் இல்ல. துணியில சுத்தித் தூக்கிட்டு ஓடிட்டாங்க. நான் முகத்தைக்கூட பார்க்கலைங்க. ஆணா பொண்ணான்னு கேட்டேன். யாருமே பதில் சொல்லல. அப்புறம் இரத்தம் போக ஆரம்பிச்சு எனக்கு நெனவே இல்ல. முழிச்சுப் பார்த்தா வார்டுல இருக்கேன். பக்கத்துல புள்ள இல்ல. செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். ராத்திரி பூரா அப்படியே கெடந்தேன்."

"கேட்டிருக்கலாமே..."

"கேட்டேன். டொக்டர் வந்து சொல்லுவார்னாங்க. மறுநாள் சாயங்காலம் ஒரு புள்ளையைக் கொண்டாந்து மடியில வச்சாங்க. இது என் புள்ள இல்ல, என் புள்ள செத்துப்போச்சுன்னு சொன்னேன். சிரிச்சாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களுக்கும் அதே ராத்திரிதான் புள்ள பொறந்துச்சு. அது தவறிப்போச்சு. அவங்க வெறுங்கையோட வீட்டுக்குப் போனாங்க. போறப்ப என் மடியில இருந்ததைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனாங்க."

பஸ் நிலையத்தின் இரைச்சல் முழுவதும் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது போல இருந்தது ஜெரோஷனுக்கு.

"நீ என்ன சொல்ற ஷெரோமி? ஜெனிஷா... ஜெனிஷா அச்சு அசல் சிசிலி அக்கா மாதிரியில்ல இருக்கா! மூக்கைப் பாரு, நடையைப் பாரு!"

"தெரியும்ங்க. நானும் பார்க்கிறேன்ல. புத்திக்குத் தெரியுது. உள்ளுக்குள்ள தெரிய மாட்டேங்குது." அவள் முதன்முறையாக அவன் கண்களைப் பார்த்தாள். "நாலு வருஷமா அவளைக் கீழ விழாம, ஒரு காயம் படாம பார்த்துக்கிறேன். அந்த அக்கா என்னைக்காவது வந்து கேட்டா நல்லபடியா குடுக்கணும்ல?"

அவன் எழுந்து நின்றான். பிறகு மறுபடி உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான்கு வருஷமாக ஒரே அறையில், ஒரே பாயில் பக்கத்தில் படுத்தவள். காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவள். 'உன் பொண்டாட்டி மாதிரி புள்ளையப் பார்க்க ஆள் இல்ல' என்று லயமே சொல்லும். அதைக் கேட்டு அவன் பெருமைப்பட்டிருக்கிறான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பைத்தியம்னு சொல்ல மாட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்ல முடியவில்லை.

"சரி" என்றான் கடைசியில். "டொக்டர்கிட்ட போவோம். நீ இப்ப சொன்னதை அப்படியே நான் சொல்றேன். புள்ளையை உன்கிட்ட காட்டாம எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு கேட்போம். முடியாதுன்னா வேற ஆஸ்பத்திரி பார்ப்போம்."

அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் வெறுங்காலோடு அவளை மேட்டில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரி கேட்டில் வார்டு வேலைக்காரி அழகம்மா, தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, எங்கம்மா போனே? கக்கூஸ், கான்டீன் எல்லாம் தேடிட்டோமே! எனக்கு உயிரே போயிடுச்சு!" என்றவள், ஷெரோமியின் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு திட்டாமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். ஜெரோஷன் கரட் வியாபாரிகளிடம் பழகிய சிங்களத்தில், தட்டித் தடுமாறிச் சொன்னான். அடித்ததைச் சொன்னான். பிள்ளை இறந்ததா இருக்கிறதா என்று யாரும் சொல்லாததைச் சொன்னான். அந்த நாலு வருஷத்தையும் சொன்னான். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு ஷெரோமியின் கட்டிலிலேயே உட்கார்ந்து, அழகம்மாவைத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"முழு மயக்கம் இல்லையாம்மா" என்றாள் அழகம்மா. "முதுகுல ஊசி போடுவாங்களாம். இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும். நீ முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பியாம். ஏதாச்சும் சிக்கல் வந்தாத்தான் தூங்க வைப்பாங்களாம். அப்படி ஆயிட்டா, புள்ள பக்கத்துல நான் நிக்கணும், கண்ணை எடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்றாங்க."

ஷெரோமி நம்பாமல் டொக்டரையே பார்த்தாள். "முழிச்சிருக்கிறப்பவா வெட்டுவாங்க?"

"ஆமாம்மா. வலிக்காது."

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் ஷெரோமி. "எங்க வேணும்னாலும் கொண்டுபோகட்டும். எனக்குக் காட்டிட்டுக் கொண்டுபோங்க. புள்ள கையில பேரு எழுதிக் கட்டுறதையும் என் கண்ணு முன்னால கட்டுங்க."

டொக்டர் சரி என்றார்.

மறுநாள் காலை ஜெரோஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றான். மாதாவை வேண்ட நினைத்தான். ஜெபத்தின் பாதியில் 'நல்லபடியா குடுக்கணும்ல' என்ற அவள் வார்த்தையே திரும்பத் திரும்ப வந்தது. வெகுநேரம் ஆகும் என்று எண்ணித்தான் சுவரில் சாய்ந்திருந்தான். அதற்குள் கதவு திறந்து அழகம்மா வந்தாள்.

"பையன். ரெண்டு பேரும் சுகம்."

"அதுக்குள்ளயா?" என்று அவன் மறுபடியும் மறுபடியும் கேட்டான்.

பார்வையாளர் நேரத்தில் அவன் வார்டுக்குப் போனபோது ஷெரோமி அசையாமல் மல்லாந்து படுத்திருந்தாள். பிள்ளை அவள் கன்னத்தோரம் தூங்கியது. அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனவன், அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தான். கண்ணீர் காதோரமாக வழிந்து தலையணையை நனைத்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்லைங்க. காட்டுனாங்க. மறைச்சுக் கட்டியிருந்த துணிக்கு மேல தூக்கிக் காட்டுனாங்க. மேலெல்லாம் மாவு பூசின மாதிரி வெள்ளையா, இரத்தமா, அப்படி ஒரு கத்து. கன்னத்துல கொண்டாந்து வச்சாங்க. நான் 'தம்பி'ன்னுதான் சொன்னேன். சட்டுனு அழுகையை நிறுத்திட்டான்." அவள் மூச்சு வாங்கினாள். "என் குரல் அவனுக்குத் தெரியுதுங்க. நேத்துவரைக்கும் உள்ள இருந்து கேட்டிருக்கான்ல?"

"ஆமா."

"அப்ப ஜெனிஷாவுக்கும் தெரிஞ்சிருக்கும்." அவள் உதடு கோணியது. "அந்த ராத்திரி பூரா எங்கேயோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்னைத் தேடியிருப்பா. மறுநாள் என் மடியில வச்சப்ப, நான் என்ன சொன்னேன்? 'இது என் புள்ள இல்ல'ன்னு சொன்னேங்க. அவ காதுல விழுற மாதிரிதானே சொன்னேன்?"

அவன் கட்டில் ஓரத்தில் நின்று, ஊசி எடுத்த அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த நாளில் சிசிலி வாசலிலேயே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஜெனிஷா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தாயிடம் வரமாட்டேன் என்று நின்றாள். தன்னை விட்டுவிட்டுப் போனதில் அவளுக்குக் கோபம். எல்லோரும் தம்பியையே பார்த்துக்கொண்டிருக்க, ஓடிவந்து அவன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைப் பிடுங்கி, முற்றத்துச் சேற்றில் வீசியெறிந்தாள். பிள்ளை வீரிட்டது.

"ஏய்! என்னடி பண்ற? கழுதை! எங்கேருந்துடி வந்துச்சு இவ்வளவு திமிரு?"

கத்தியது ஷெரோமி. லயத்தில் அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஜெனிஷா வாயைத் திறந்தபடி நின்றாள். ஜெரோஷனும் நின்றான். ஷெரோமி அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை திட்டி அவன் அதுவரை கேட்டதே இல்லை.

"புள்ளையைப் போயி இப்படிக் கத்துறியே, பச்சை உடம்புக்காரி!" என்று சிசிலி பதறினாள்.

"என் புள்ளைய நான் கத்துவேன் மதினி" என்றாள் ஷெரோமி. சொன்னதும் அவளே திடுக்கிட்டுப் போனாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு படியில் மெதுவாக உட்கார்ந்தாள். இன்னொரு கையை நீட்டினாள். "இங்க வா. வாடி."

ஜெனிஷா ஓவென்று அழுதுகொண்டே ஓடிவந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். வயிறு இடிபட்டு ஷெரோமி வலியில் பல்லைக் கடித்தாள். ஆனாலும் விடவில்லை. ஜெரோஷன் முற்றத்தில் இறங்கி, சேற்றிலிருந்து தொப்பியை எடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.