கோல் வாசலில் கண்ணாடி

என் கொழுந்தன் கெட்டிக்கார எலெக்ட்ரீஷியன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. மாலை நாலு மணிக்குப் பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டி. காலையில் விளக்கு மாற்றுகிறேன் என்று கோலுக்குப் பின்னால் இருக்கும் விளக்குக் கம்பத்தில் ஏறியவன், பழைய விளக்கைக் கைதவறிக் கோல் வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. நான் வருவதற்குள் காற்று ஊதும் மெஷினை வைத்துச் சுத்தம் வேறு செய்திருந்தான்.

"பாருங்க அண்ணி, ஒரு துண்டு தெரியுதா?"

"எப்படித் தெரியும்? எல்லாத்தையும் உள்ள அனுப்பிட்டியே, மகராசா!"

செயற்கைப் புல்லுக்கு நடுவே நிரப்பியிருப்பது ரப்பர் குருணை. காற்று பட்டால் அது கிளம்பி வழிவிடும். கனமான கண்ணாடி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பதினொரு வருஷமாக இந்தத் தரையைச் சுத்தம் செய்கிறவள் நான். இங்கே தாவி விழப்போகிற இரண்டு கோல்கீப்பர்களில் ஒருத்தி என் மகள்.

"சலிச்சுப் போட்டுடலாமா அண்ணி?"

"ரெண்டும் ஒரே சைஸு. சல்லடைக்கு என்ன தெரியும்? மொத்தமா அள்ளு."

புல்லின் அடித்துணி தெரியும்வரை வேக்குவம் மெஷினால் உறிஞ்சினோம். பதினெட்டு மூட்டை. நல்ல ரப்பராச்சே என்று முணுமுணுத்தான்; நான் முறைத்ததும் அடுத்த மூட்டையைக் கட்டினான். பிறகு பகல் வெளிச்சம் படாமல் கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துத் தவழ்ந்தேன். அந்த வெளிச்சத்தில் கண்ணாடி மினுங்கியே தீரும். மூன்று துண்டுகள் மினுங்கின. இடுக்கியால் எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தவழ்ந்தேன். ஒன்றுமில்லை. புது மணலும் புது ரப்பரும் கொட்டி, பிரஷ் இழுத்து முடித்தபோது மணி மூன்றரை.

நடுவர் வந்து குனிந்து பார்த்தார். "உறுதியாச் சொல்றீங்களா? சந்தேகம்னா மேட்ச்சைத் தள்ளி வெச்சிடறேன்."

"ஆடலாம் சார். என் பொறுப்பு."

அவர் தலையாட்டினார். எதிரணிக் கோல்கீப்பர் மட்டும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள். சின்னப் பெண், விஷயம் காதில் விழுந்திருக்கிறது. என் வாய்ப்பேச்சை நம்பி எப்படி விழுவாள்? எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.

என் மகள் என்னிடம் வந்தாள். "நீதானம்மா பாத்தே?"

"நான்தான்டி."

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு ஓடினாள். அவள் கால் எம்பிய நொடியில், பதினொரு வருஷத் தைரியமும் என்னை விட்டுப் போய்விட்டது. மூன்றாவது முறையும் தவழ்ந்திருக்க வேண்டுமோ? "ஏய், நில்லு!" என்று நான் கத்துவதற்குள், அவள் விழுந்து கோல் கம்பம்வரை சறுக்கியிருந்தாள்.

எழுந்தாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பி எதிரணிப் பெண்ணிடம் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. உதட்டில் ஒட்டிய ரப்பரைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"வா, பயப்படாம விழு. எங்கம்மா பாத்த இடம்."