என் பேரில் வந்த பாசிட்டிவ்

எங்கள் ஊரில் இலவசம் என்றால் எதையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் டெஸ்ட் எடுத்துக்கொள்ள மட்டும் கூடவே ஏதாவது கொடுத்தாக வேண்டும். இது தெரிந்துதான் அந்த டிரஸ்ட்காரர்கள் பாலக்கோட்டிலிருந்து வேனில் வரும்போதே மூட்டை மூட்டையாக எவர்சில்வர் டிபன் டப்பாவும் கொண்டுவந்து இறக்கினார்கள். முப்பதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ள பெண்களுக்கான டெஸ்ட். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்குகிற ஹெச்.பி.வி. என்கிற வைரஸ் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். டாக்டர் முன்னால் படுக்க வேண்டியதில்லை. பாத்ரூமுக்குப் போய் ஒரு பஞ்சுக் குச்சியால் நாமே எடுத்து, டியூபில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். நர்ஸ் ராதிகா சமுதாயக் கூடத்தில் மைக் பிடித்து இவ்வளவையும் விளக்கிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். டப்பாவின் மூடி டைட்டாக இருக்குமா, குழம்பு வழியுமா என்று ஒரு கேள்வி வந்தது. வேறு சந்தேகம் யாருக்கும் இல்லை.

என் பேர், வயது, போன் நம்பர் எல்லாம் கேட்டு, கலைமணி என்று ஸ்டிக்கர் ஒட்டிய டியூப் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் எடுத்து மறுநாள் கொண்டுவந்து கொடுத்தால் டப்பா. என் மாமியார் பெரியம்மாளுக்கு வயது ஐம்பத்தேழு, அதனால் டியூப் இல்லை, டப்பாவும் இல்லை. அம்பதுக்கு மேல எங்களுக்குக் கர்ப்பப்பை கழண்டு வுழுந்துருச்சா என்று அத்தை அங்கேயே ராதிகாவை மடக்கினார். நியாயமான கேள்விதான். ராதிகா பாவம், சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தால் எனக்குத் தூரம். அந்த நாட்களில் எடுக்கக் கூடாது, டியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த முறை வரலாம் என்று ராதிகா சொல்லியிருந்தார். மறுநாள் விடிந்ததும் தக்காளி பறிக்க ஆள் வருவதால் நான் காட்டுக்குப் போக வேண்டும். அதனால் டியூபை அத்தையிடம் கொடுத்து, எனக்கு இப்படி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சாயங்காலம் திரும்பிவந்தபோது அடுப்படியில் புது டப்பா மின்னிக்கொண்டிருந்தது. வாய் ஓயாமல் சண்டை போட்டிருப்பார், தொல்லை தாங்காமல் தூக்கிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ராதிகா போன் செய்தார். கலைமணி, உங்களுக்குப் பாசிட்டிவ் வந்திருக்கு, பயப்படாதீங்க என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். நான் டெஸ்ட்டே எடுக்கவில்லையே என்றேன். உங்கள் பேர் ஒட்டிய டியூபில் சாம்பிள் இருந்ததே என்றார். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் அடுத்த பரிசோதனை செய்து, ஏதாவது இருந்தால் ஆரம்பத்திலேயே சரிசெய்துவிடலாம். ஆணும் பெண்ணும் சேர்வதால் பரவுகிற வைரஸ்தான், ஆனால் ஒருவர் நடத்தைக்கும் இதற்கும் முடிச்சுப்போடக் கூடாது. கட்டின புருஷனிடமிருந்தே வரலாம். இருபது முப்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி போட்டால் போய்விடுமா என்று கேட்டேன். தடுப்பூசி இனிமேல் வருவதைத் தடுக்குமே தவிர, வந்து உட்கார்ந்ததை விரட்டாது என்றார். சின்ன வயதிலேயே போடுவதுதான் நல்லது, உங்கள் மகளுக்குப் போடுங்கள், பெரியவர்களும் நாற்பத்தைந்து வயது வரை டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

டியூபைக் கொடுத்தீர்களா என்று அத்தையைக் கேட்டதற்குக் குடுத்துட்டேனே என்றார், லேபில்தான் ஏதோ மாறியிருக்கும் என்று நினைத்தாலும் பயம் போகவில்லை. இதை என் வீட்டுக்காரர் தமிழ்மணியிடம் சொன்னேன். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்றால், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம். என்னோடு பேசியபோது எனக்காகக் கண்கலங்கினார். அப்புறம் அவருடைய நைனாவோடு பேசப் போனார்.

என் மாமனார் ஊரில் பெரிய மனுஷன். வாலிபத்தில் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர், பம்பாய் என்று வருஷக்கணக்கில் லாரி ஓட்டியவர். இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறார், அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைக்கிறார். படிக்கத் தெரியாவிட்டாலும் போனில் பேசியே கேள்வி கேட்கப் பழகியிருந்தார். ஹெச்.பி.வி. எதனால வருது என்று அதனிடம் சத்தமாகக் கேட்டார். அது ஒரு பெண் குரலில், பாலியல் தொடர்பு மூலம் பரவுகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னது. அதற்குமேலும் ஏதோ சொல்ல வந்தது. மாமனார் போனை அணைத்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மாட்டிடம் பேசினார், சுவரிடம் பேசினார், மானம் மரியாதை என்று கேலண்டரிடம்கூடப் பேசினார். தமிழ்மணி தர்மபுரிக்குப் பஸ் ஏறிப்போய் மெடிக்கல் ஷாப்பில் அந்தத் தடுப்பூசி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தார். எனக்காகத்தான் அலைகிறார் என்று மனசு நெகிழ்ந்து, வந்தபிறகு போட்டுப் பிரயோஜனமில்லையாம் என்றேன். ஊசி எனக்கில்லையாம், அவருக்காம். என்னிடமிருந்து ஒட்டிவிடாமல் இருக்க. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள் என்று கடைக்காரர் அனுப்பிவிட்டாராம். நெகிழ்ந்த மனசை என்ன செய்வதென்று தெரியாமல் போய்ப் பாத்திரம் விளக்கினேன்.

மாமனார் பென்னாகரத்திலிருந்து என் அண்ணன் மாதுவை வரவழைத்தார். பஞ்சாயத்து வேண்டாம், கவுரவமாக முடித்துக்கொள்வோம், நான் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டியது, என் மகள் இங்கேயே படிக்கட்டும் என்று தீர்ப்பையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். எனக்குப் புற்றுநோய்ப் பயமெல்லாம் அப்போதே போய்விட்டது. என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்ற பயம்தான் மிச்சமிருந்தது. பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டுச் சாணியை அள்ளியவளை, போனில் ஒருத்தி சொன்ன அரை வாக்கியத்துக்காக வெளியே தள்ளுகிறார்கள்.

மாது வந்து சேரில் உட்கார்ந்தான். அத்தை எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார். ராதிகா சொன்னதை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். முப்பது வருஷம் உள்ளேயே இருக்கும் என்ற இடத்தில் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். முப்பது வருசம் வாடகை இல்லாம குடியிருக்குமாம், கேட்டுக்கங்க என்றார். சரி, அது போகட்டும், நான் டியூபையே திறக்கவில்லை, அத்தைதான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார், அவரையே கேளுங்கள் என்றேன்.

"அத்த, நீங்களே சொல்லுங்க. வெறும் டியூபத்தான குடுத்தீங்க?"

"வெறும் டியூபக் குடுத்தா எவடி டப்பா குடுப்பா?" என்றார் அத்தை.

அத்தைக்குத் தான் சொன்னது எதுவும் உறைக்கவில்லை. பால் சொசைட்டிக்கு முப்பது வருஷமாகப் பால் ஊற்றுகிறவர் அவர். நம் மாடு வற்றினால் பக்கத்து வீட்டுப் பாலை நம் பேரில் ஊற்றுவது அங்கே வழக்கம். பேரில் பால் விழுந்துகொண்டிருந்தால்தான் உறுப்பினர் பேர் நிற்கும். யார் மாட்டுப் பாலாக இருந்தாலும் எடுக்கிற சாம்பிளும் சரி, பாலின் தரம் காட்டுகிற டிகிரியும் சரி, பேர் யாருடையதோ அவர் கணக்கில்தான் ஏறும். அதேபோல என் டியூப் வீணாகப் போகக்கூடாது என்று பாத்ரூமுக்குள் போய்த் தன்னுடையதை எடுத்து என் பேரில் கொடுத்திருக்கிறார். பாசிட்டிவ் என்றதும் அது என்னுடையதுதான் என்று மனப்பூர்வமாக நம்பியும் இருக்கிறார். இத்தனை நாளும் எனக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். அதையும் பெருமையாகச் சொன்னார்.

என் அண்ணன் எதையும் நிதானமாகத்தான் யோசிப்பான். "அப்ப அது அத்தையோடதுங்களா?" என்று கேட்டான்.

எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை ஒரு நொடி எங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மாமனாரைப் பார்த்தார். மாமனார் டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடி முடித்துத் தொண்டையைக் கனைத்தார். இதெல்லாம் யாருக்கும் வரும், இருபது முப்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டர்களே சொல்கிறார்கள் என்றார். நான் கொஞ்சம் முன்னால் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். விழுந்து விழுந்து சிரித்த மனுஷனுக்கு அப்படியொரு ஞாபகசக்தி.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது. மாது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்வரை அது இருந்தது.

அத்தை அடுப்படியில் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். செத்துருவனா என்று என்னைக் கேட்டார். மாட்டீங்க, சீக்கிரம் போய்க் காட்டினால் சரியாகிவிடும் என்றேன். சரி, டியூப் உன் பேரில்தானே இருக்கிறது, உன் பேரிலேயே போய்க் காட்டிக்கொள்கிறேன் என்றார். முப்பத்துநான்கு வயசு என்று போட்ட சீட்டைக் கொண்டுபோனால் டாக்டருக்குக் கண் தெரியாதா என்றேன். வயசு கெடக்குது, என் பேருல வந்தா ஊருல என்னா நெனப்பாங்க என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என் பேருல வந்தப்ப என்னா அத்த நெனச்சாங்க?" என்று கேட்டேன். அவர் அடுப்பில் எரியாத விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்புறம் இழுத்தடிப்பு. இன்றைக்குக் கால் வலி, நாளைக்கு மாடு சினைக்கு வந்திருக்கிறது. மாமனாரும் அக்கறையாகப் பேசினார். வயசான காலத்தில் ஆஸ்பத்திரி எதுக்கு, ஒண்ணும் ஆகாது, கம்முனு இரு என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அத்தையின் உடம்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை, இப்போது தினமும் பேசினார். நான் ராதிகாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா, உங்கள் மாமியார் வயதுக்குக் கட்டாயம் பார்த்தாக வேண்டும், தள்ளிப்போடத் தள்ளிப்போடத்தான் ஆபத்து, இரண்டு பேரும் வாருங்கள், நீங்கள் உங்கள் டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அத்தையிடம் போய், நாளைக் காலையில் பஸ் ஏறவில்லை என்றால் பால் சொசைட்டி வரிசையில் நின்று எல்லாவற்றையும் சொல்லுவேன் என்றேன். சொல்லியிருப்பேன். அத்தைக்கும் அது தெரியும்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற இடத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். பேர் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மாள் என்றார் கடைசியில். வயசு சொன்னார், ஊர் சொன்னார். வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்று நர்ஸ் கேட்டார்.

அத்தை புருஷன் பேரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையானாலும் பேங்க்கானாலும், கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும், இவர் தலையைக் குனிந்துகொள்வார். வழக்கம்போல நான் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை கையால் என்னைத் தடுத்தார்.

"வெங்கடாசலம்" என்றார். நர்ஸுக்குக் கேட்டிருக்கும், எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "எழுதிக்கிட்டியாம்மா? அந்த ஆளையும் கூட்டியாரச் சொல்லுவீங்களா, டெஸ்ட்டுக்கு?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "ஆம்பளைங்களுக்கு இந்த டெஸ்ட் இல்லீங்கம்மா."

"எந்தக் காலத்துல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அத்தை சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.