சிங்கப்பூரைப் பார்த்து இடது பக்கம்

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் பார்ப்பதில்லை. கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், அது பார்க்கிறது. பந்தியில் சோற்றை அது பார்க்கிறது. பூசையில் பீடத்தை அது பார்க்கிறது. கல்லறையில் பெட்டி இறங்குவதைக்கூட அதுதான் பார்க்கிறது. ஆள் சும்மா கை வலிக்க நிற்கிறான்.

இந்தக் கதை வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் ஜாக்லின் மாதா கோயில் ஆண்டு மலருக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"மாமா, அந்தப் பழைய ரயில்ல போனீங்கல்ல, அத எழுதுங்க. மூணு பக்கம் போதும்."

"நான் மூணாங்கிளாஸ். எனக்கு என்னா எழுத வரும்?"

"வாய் பேசுதுல்ல, அத எழுதுங்க."

என் வாய் பேசுவதை அப்படியே எழுதினால் அந்த மலரைக் கோயில் வாசலில் வைத்து விற்க முடியாது. அதனால் பார்த்து எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பச்சைப் பசேலென்ற செம்பனைத் தோட்டங்களின் நடுவே அந்தப் பழம்பெரும் ரயில் வண்டி மெல்ல ஊர்ந்து'

வேண்டாம். டிக்கெட்டோடு கொடுத்த காகிதத்தில் இப்படித்தான் இருந்தது. எண்ணெய்ப் பனை பச்சைதான், யார் இல்லை என்றது?

இரண்டாவது தொடக்கம்: 'செசிலியா கொடியோடு நின்றாள். அவள்'

இதற்கு மேல் பேனா போகவில்லை. ஒரு நாள் முழுக்க அந்த 'அவள்' நோட்டில் தனியாகக் கிடந்தாள்.

மூன்றாவது, உள்ளபடி: என் பெயர் சந்தனசாமி. சிங்கப்பூர் போகும் பாதையில், பாலோவுக்கும் பெக்கோக்குக்கும் நடுவில் ஒரு ரயில் கேட்டில் முப்பத்தோரு வருடம் வேலை. ஆள் பற்றாத நாளில் தண்டவாளம் பார்க்கும் கேங்கோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்போது கேட்டைச் சாத்திப் பச்சைக் கொடி பிடிப்பவள் என் மனைவி செசிலியா. சட்டப்படி கூடாது. எல்லா டிரைவருக்கும் தெரியும், ஒருத்தரும் எழுதிக் கொடுத்ததில்லை. என்னைக் கண்டால் ஒரு தடவை ஊதுவார்கள். அவளைக் கண்டால் இரண்டு தடவை. அதை அவள் சாகும்வரை சொல்லிக் காட்டினாள்.

கேட்டின் ஓரத்தில் அவள் ஒரு ஜம்பு மரம் வைத்தாள், மணி மாதிரி சிவப்பாகத் தொங்கும் பழம்.*

(*நல்ல மரம் இல்லை. காய் சின்னது, பாதி புளிக்கும். கதையில் இனிக்க வைக்கலாமா என்று யோசித்தேன். பொய் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது போதும்.)

3

அந்தப் பொய் இதுதான். நான் ஓய்வு பெற்று நாங்கள் குளுவாங்குக்கு வந்துவிட்டோம். பிறகு இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள், மின்சாரக் கம்பி இழுத்தார்கள், நெடுக வேலி அடித்தார்கள். கேட்டை எடுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. மூன்று வருடத்துக்கு முன் செசிலியா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு மத்தியானம் கேட்டாள்:

"அந்த ஜம்பு நிக்குதாங்க?"

"நிக்குது. போன வாரங்கூடப் பாத்தேன். கொத்துக் கொத்தா காச்சிருக்கு."

"அணில் தின்னுரும். பை கட்டி வுடுங்க." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "என்னாங்க, மூக்கு வேர்க்குது?" நான் பொய் சொன்னால் மூக்கு வேர்க்கும் என்பாள் எப்போதும்.

அடுத்த நாள் அவள் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் இல்லை.

போன வாரமாவது! நான் அந்தப் பக்கம் போய் வருடக்கணக்காகிவிட்டது. அடக்கம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் போனேன். கேட்டுக்குப் போகும் வழியில், தோட்டத்து வாசலில் காவல்காரன் மறித்தான். என் மரம் என்றேன், சிரித்தான். மின்சார ரயிலில் போனேன். ஒரு தும்மல் வந்தது, நிமிர்ந்து பார்த்தால் பெக்கோக். அப்போதுதான் ஏதோ ஒரு சங்கம் பழைய டீசல் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டப் போகிறது என்று ஜாக்லின் சொன்னாள். பழைய வேகம். குளுவாங்கிலிருந்து சிகாமட் வரை. திரும்பி வருவது பேருந்தில்.

ஆக, வாசகரே, நான் காட்சி பார்க்கப் போகவில்லை. பெண்டாட்டியிடம் சொன்னது பொய்யா இல்லையா என்று பார்க்கப் போனேன்.

4

"மாமா, எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்?"

"இடது."

"நல்லாத் தெரியுமா?"

"முப்பத்தோரு வருசம் அங்க குந்தி இருந்தவன கேக்குறியா?"

(இங்கே, ஜாக்லின் தப்பான பக்கம் எடுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். முதலில் படிக்கப் போவதே அவள்தான். அதோடு அது உண்மையும் இல்லை.)

எங்கள் கேங்கில் இடது வலது என்றால், சிங்கப்பூரைப் பார்த்து நின்றால் இடது வலது. நீ எந்தத் திசையில் நடந்தாலும் அது மாறாது. இடது தண்டவாளத்தில் ஆணி தளர்ந்திருக்கிறது என்று ஒருவன் சொன்னால், எதிரே வருகிறவனுக்கும் அதே தண்டவாளம்தான். இல்லையென்றால் எங்கோ ஒரு வண்டி கவிழும். ஜம்பு மரம் இடது. சந்தேகமே இல்லை.

ஆனால் அன்றைக்குக் காலை வண்டி சிங்கப்பூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது.

பாலோ தாண்டும்வரை எனக்கு உறைக்கவில்லை. வெயில் படாமல் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. காலையில் எங்கள் மரத்தின் நிழல் தண்டவாளத்தின் மேல் விழும். அப்படியானால் வெயில் அடிக்கிற பக்கம்தான் மரம். நான் நிழலில் இருக்கிறேன்.

எழுந்து எதிர்ப்பக்கம் போனேன். எல்லா ஜன்னலிலும் முதுகு. ஒரு இந்தியப் பெண் கைப்பேசியை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். பெயர் ரூபினி, ஸ்கூடாயில் படிக்கிறவள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"நவுரும்மா. கொஞ்சம் நவுரு."

"ஒரு நிமிசம் தாத்தா, வீடியோ ஓடுது லா."

"என் மரம் வருது!"

"உங்க மரமா? தோட்டமே உங்களுதா தாத்தா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இரும்புப் பாலம் தடதடத்தது. பாலம், வளைவு, கேட். அது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். முடி, தொப்பி, வேறு யாருடைய கையோ. ஒரு நிழல் பெட்டிக்குள் வந்து எல்லார் முகத்திலும் ஏறி இறங்கிப் போனது. செம்பனை நிழலாகவும் இருக்கலாம்.

5

முதல் வரைவில் டிரைவர் இரண்டு தடவை ஊதினார் என்று எழுதினேன். ஊதவில்லை. கேட்டே இல்லாத இடத்தில் எவன் ஊதுவான்?

ரூபினியைத் திமிர் பிடித்தவளாக எழுதினேன். அதையும் அடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிப் போனது. "சொல்லக்கூடாதா தாத்தா," என்றாள். பிறகு என் கைப்பேசியை வாங்கித் தன்னுடையதன் பக்கத்தில் வைத்து என்னவோ அமுக்கினாள். "பாலத்துலேருந்து பெக்கோக் வரைக்கும் எல்லாம் இதுல இருக்கு. நெறுத்தி நெறுத்திப் பாருங்க."

அது இரண்டு மாதமாக இருக்கிறது. நான் திறக்கவில்லை.

"பாத்துட்டு எழுதுங்க மாமா," என்கிறாள் ஜாக்லின். "கதைன்னா முடிவு வேணும்ல."

"நீ பாத்தியா?"

"நீங்க பாக்காம நான் எப்படி?"

6

முடிவுகள்.

ஒன்று: மரம் நிற்கிறது. காய்த்திருக்கிறது. மலருக்கு இதுதான் நல்லது.

இரண்டு: மரம் இல்லை. சாகிறவளிடம் பொய் சொன்னவன் கதையைக் கோயில் மலரில் போடுவார்களா, தெரியாது.

மூன்று: சரியாக அந்த இடத்தில் ரூபினி கைப்பேசியைத் தன் முகத்துக்குத் திருப்பியிருப்பாள். என்னைக் கேட்டால் இதைத்தான் நம்புவேன்.

ஆனால் மரம் நின்றால் மட்டும் என்ன? வெட்டின அடியிலிருந்து துளிர்த்த வேறு மரமாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் என்ன? நான் சொன்ன அன்றைக்கு நின்றிருக்கலாம், மறுநாள் வெட்டியிருக்கலாம். மூக்கு வேர்க்குது என்றாளே, அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, தெரிந்துதான் சொன்னாளா? அது எந்தப் படத்தில் இருக்கிறது?

7

நோட்டு மேசையில். கைப்பேசி நோட்டின் மேல். ஜாக்லின் சமையலறையில் இருக்கிறாள். பேனாவை மூடும் சத்தம் கேட்டால் வந்துவிடுவாள். நீங்களும் அவளோடு சேர்ந்து பாருங்கள். பார்த்த பிறகு என்ன வேண்டுமோ அதை இதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் "மாமா!" என்று கூப்பிடுவாள். அந்தக் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். நான் கேட்காத மாதிரி நடப்பேன். எனக்குக் காது மந்தம் என்று ஊருக்கே தெரியும். அது மட்டும் பொய்யில்லை, இடது காது. சிங்கப்பூரைப் பார்த்து நின்றால்.